தனியாகப் போனால் இடிக்கிறது, இருவர் ஏறினால் தட்டுகிறது: பைக் சஸ்பென்ஷனை நாமே சரிசெய்யக் கற்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு தினமும் வேலைக்குப் போகும் ஒரு தம்பி, கை மாறிய யமஹா எஃப்.இஸட். ஒன்று வாங்கியிருக்கிறார். தனியாகப் போனால் பின்பக்கம் இடுப்பில் இடிக்கிறது, மனைவியை ஏற்றிக்கொண்டு போனால் வேகத்தடையில் அடியில் 'டக்' என்று தட்டுகிறது. கராஜ் ஒன்றில் காட்டினாராம், ஷொக்கை நல்லா இறுக்கிக் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு தனியாகப் போவது இன்னும் மோசம், இருவர் போவதில் பெரிய மாற்றமில்லை. இதை நானே கற்றுக்கொண்டு செய்யலாமா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

செய்யலாம் தம்பி, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு அளவு நாடா, கொஞ்சம் மாஸ்கிங் டேப், ஒரு சி ஸ்பானர் (வளையத்தைத் திருப்பும் கொக்கி முனைச் சாவி), உதவிக்கு இரண்டு பேர், எழுதிவைக்க போன், இவ்வளவும் இருந்தால் ஒரு ஞாயிறு காலையில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஆனால் அந்த இறுக்கல் விஷயத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் கொழும்பில் நான் கதைத்துப் பார்த்த பலர், கராஜில் வேலை செய்பவர்கள் உட்பட, இதை மாறித்தான் விளங்கி வைத்திருக்கிறார்கள்.

ஷொக்கில் இருக்கும் அந்தப் படிப்படியான வளையத்தைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பது கம்பியின் தடிப்பிலும் சுற்றின் அகலத்திலும் எத்தனை சுற்று என்பதிலும் இருக்கிறது, அதை எந்த வளையமும் மாற்றாது. வளையம் செய்வது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது மட்டும்தான், அதைத்தான் பிரீலோட் என்கிறார்கள். கணக்காகப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் அமுங்க 1 கிலோ பாரம் கேட்கும் ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அதை 10 மில்லிமீற்றர் முன்கூட்டியே அமுக்கிவிட்டு மேலே 50 கிலோ ஏற்றினால், முதல் 10 கிலோவுக்கு அது அசையாது, மிச்சம் 40 கிலோவுக்கு 40 மில்லிமீற்றர் இறங்கும். முன் அமுக்கத்தை 20 ஆக்கினால் 30 மில்லிமீற்றர்தான் இறங்கும். ஆனால் இரண்டு நிலையிலும் மேலே இன்னொரு 10 கிலோவை வைத்தால் இன்னும் 10 மில்லிமீற்றர் இறங்கும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பைக் நிற்கும் உயரம் மாறியிருக்கிறது, ஸ்பிரிங்கின் குணம் அப்படியே இருக்கிறது.

அப்படியென்றால் இறுக்கிய பிறகு ஏன் கூட இடிக்கிறது? சில்லு மேலே எழும்ப மட்டும் இடம் இருந்தால் போதாது, குழி வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டும். நீங்கள் ஏறி இருக்கும்போது சஸ்பென்ஷன் அதன் மொத்தப் பயணத்தில், அதாவது சில்லு மேலும் கீழும் அசையக்கூடிய தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு அளவில் அமுங்கி நிற்க வேண்டும், அந்த ஒரு பங்குதான் குழிக்குள் சில்லை இறங்க விடுகிறது. வளையத்தைக் கடைசிப் படிக்குக் கொண்டுபோனால், ஒல்லியான ஒருவர் ஏறும்போது ஷொக் கிட்டத்தட்ட முழு நீளத்திலேயே நிற்கும். குழி வந்ததும் சில்லுக்கு இறங்க இடமில்லை, பைக்கோடு சேர்ந்து விழுந்து மறுகரையில் மோதும். முன் அமுக்கம் மேலே உள்ள பாரத்தைவிடக் கூடிவிட்டால் இன்னும் மோசம், சின்னச் சின்ன மேடுகளுக்கு ஷொக் அசையவே அசையாது, இரும்புத்தடி வைத்த மாதிரி நேராக முதுகுக்கு வரும். உங்களுக்கு நடந்திருப்பது இதுதான்.

ஆகவே முதல் வேலை அளப்பது. பாரம் ஏறும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதைப் பைக் கைநூல்களில் ஸாக் என்பார்கள், அதை நான் இங்கே இறக்கம் என்றே எழுதுகிறேன்.

அளப்பதற்கு முன் ரயரின் காற்றைச் சரிபாருங்கள், ரயர் ஆறி இருக்கும்போது, பைக்கிலேயே ஒட்டியிருக்கும் அளவுக்கு. சிரிக்காதீர்கள், காற்று கூடிப்போன ரயரை வைத்துக்கொண்டு ஷொக்கைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். பெற்றோல் அடிக்கும் இடத்தில் கண்மதிப்பாக அடித்துவிட்டு வருவது, வெயிலில் ஓடிச் சூடான ரயரில் அளப்பது, இரண்டும் கணக்கைக் குழப்பும். சொந்தமாக ஒரு சின்ன காற்றளவி வாங்கி சீற்றுக்கு அடியில் போட்டு வையுங்கள்.

இனிப் பின்பக்கம். பின் அச்சுக்கு நேர் மேலே, வால் பகுதியில் அசையாத ஓரிடத்தில் டேப் ஒட்டி ஒரு கோடு போடுங்கள். இருவர் சேர்ந்து பைக்கை சைட் ஸ்டாண்ட் பக்கமாகச் சாய்த்து, பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பித் தொங்கும்படி பிடிக்க வேண்டும். இப்போது அச்சின் நடுவிலிருந்து கோடு வரைக்கும் அளந்து எழுதுங்கள். உதாரணத்துக்கு 560 மில்லிமீற்றர் என்று வைப்போம். பிறகு பைக்கை நேராக நிறுத்தி நீங்கள் ஏறுங்கள், வேலைக்குப் போகிற அதே கோலத்தில்: ஹெல்மெட், சப்பாத்து, முதுகுப்பை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து. ஒருவர் முன்னால் நின்று ஹாண்டிலை லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும், உங்கள் இரண்டு கால்களும் ஃபுட் ரெஸ்ட்டில் இருக்க வேண்டும், கால் நிலத்தில் இருந்தால் அளவு பொய். மற்றவர் பின்பக்கத்தைக் கீழே அமுக்கி மெதுவாக விடட்டும், அது நின்ற இடத்தில் அளக்கட்டும், 521 என்று வைப்போம். அதன் பிறகு பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி மெதுவாக இறங்க விட்டு இன்னொரு முறை அளக்கட்டும், 527. இரண்டும் ஒன்றாக வராது, காரணம் உள்ளே உள்ள சீல், புஷ் எல்லாவற்றின் உராய்வு. நடுவை எடுங்கள், 524. 560இலிருந்து கழித்தால் 36. உங்கள் இறக்கம் 36 மில்லிமீற்றர்.

எஃப்.இஸட். இல் பின்சில்லின் பயணம் 120 மில்லிமீற்றர், முன்னால் 130. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 30இலிருந்து 40 வரைக்கும் வந்தால் ரோட்டுப் பைக்குக்கு நல்லது. அமுக்கி விட்டதற்கும் தூக்கி விட்டதற்கும் இடையே 6 மில்லிமீற்றர் வந்தால் பரவாயில்லை. 15, 20 என்று வந்தால் வளையத்தைத் தொடவே வேண்டாம். எங்கேயோ சிக்குகிறது, ஸ்விங் ஆர்ம் (பின்சில்லைத் தாங்கும் கை) புஷ், ஷொக்கின் கண்கள் (அதைப் பூட்டும் இரண்டு முனைத் துளைகள்), ஷொக்கின் தண்டு வளைந்திருக்கிறதா என்று முதலில் அதைப் பாருங்கள். கடல் காற்று அடிக்கிற பக்கம் வைத்திருக்கும் பைக்கில் இந்தத் துரு சிக்கல் கெதியாகவே வரும்.

இன்னொரு அளவும் எடுக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். யாரும் ஏறாமல் பைக் தன் பாரத்திலேயே எவ்வளவு இறங்குகிறது என்பது. பின்னால் 10 மில்லிமீற்றர் அளவில் வந்தால் நல்லது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருத்தமா என்று தெரியும். நீங்கள் ஏறும்போது இறக்கம் சரியாக 35 வருகிறது, ஆனால் ஏறாதபோது கொஞ்சமும் இறங்கவில்லை என்றால், மெல்லிய ஸ்பிரிங்கை பிரீலோட் போட்டு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மறுபக்கம், நீங்கள் ஏறும்போது 35 சரி, ஆனால் வெறும் பைக்கே 20, 25 இறங்குகிறது என்றால் ஸ்பிரிங் உங்களுக்குக் கூடக் கடினம். முதல் தடவை கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், மேலே சொன்ன 50 கிலோ கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், விளங்கும்.

உங்கள் ஷொக்கில் ஏழு படி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதலில் அதை நடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டு அளங்கள். இறக்கம் குறைவென்றால் கீழ்ப்படி, கூடவென்றால் மேல்படி. தனியாக ஓடும் ஆளுக்கு, 60 கிலோ அளவில் இருந்தால், கீழே உள்ள இரண்டு மூன்று படிக்குள்ளேயே முடிந்துவிடும் என்பது என் ஊகம். முதல் படியிலும் 25க்கு மேல் வரவில்லை என்றால் ஸ்பிரிங்கே உங்களுக்குக் கடினம், இந்த 150 சிசி பைக்குகள் எல்லாம் இருவர் ஏறுவார்கள் என்ற நினைப்பில் செய்தவை, அதோடு கொஞ்சம் சமாளித்துப் போக வேண்டியதுதான். யாராவது ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டித் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், சுற்றுக் குறைந்தால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும், நீளம் குறைவதால் பைக்கும் இறங்கிவிடும், இரண்டு பக்கமும் நட்டம்.

பிறகு மனைவியையும் ஏற்றி அளங்கள். வளையத்தை எந்தப் படிக்குக் கொண்டுபோனால் இறக்கம் 40, 45 அளவில் நிற்கிறது என்று பார்த்து அந்தப் படியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இருவர் போகும் நாளில் அந்தப் படி, தனியாகப் போகும் நாளில் மற்றப் படி. தினமும் மாற்ற அலுப்பாக இருக்கும், உண்மைதான், அந்த மொனோஷொக் (நடுவில் ஒற்றையாக இருக்கும் ஷொக்) வளையத்துக்குக் கைவைக்கவும் இடம் குறைவு. ஆனால் நுவரெலியா பக்கம் நீண்ட பயணம் போகும்போதாவது மாற்றுங்கள், ஏனென்றால் பின்பக்கம் குந்திவிட்டால் சுகம் மட்டும் கெடுவதில்லை. முன்சில்லில் பாரம் குறைந்து ஹாண்டில் மிதக்கிற மாதிரி இருக்கும், வளைவில் பைக் வெளியே தள்ளிக்கொண்டு போகும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக எழும்பும். இரவில் உங்களுக்கு எதிரே வருபவர்கள் சும்மா சும்மா டிம் போடச் சொல்லிக் காட்டுகிறார்களா? லைட்டைத் திருகுவதற்கு முன் பின் ஷொக்கைப் பாருங்கள்.

வளையத்தைத் திருப்ப சி ஸ்பானர்தான் வேண்டும். ஸ்குரூட்ரைவரை வைத்து சுத்தியலால் தட்டுவது நம் ஊரில் சர்வசாதாரணம், அதனால்தான் பல பைக்குகளில் அந்த வளையத்தின் காதுகள் சிதைந்து கிடக்கின்றன. முதலில் தூசியைக் கழுவி, துருவகற்றும் எண்ணெய் கொஞ்சம் அடித்து ஊறவிட்டு, பைக்கை ஸ்டாண்டில் போட்டுப் பாரம் இல்லாத நிலையில் திருப்புங்கள். பல்சர், பிளாட்டினா மாதிரி இரண்டு ஷொக் உள்ள பைக் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று இன்றைக்கே குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் இரண்டிலும் மறுபக்கம் நான்கிலும் ஓடுகிற பைக்குகளை நான் கண்டிருக்கிறேன், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, இவ்வளவும் உயரத்தைப் பற்றிய கதை. நீங்கள் சொன்ன 'டக்' வேறு கதையாக இருக்கலாம்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு மேட்டில் ஏறிய பைக் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஷொக்குக்குள் இருக்கும் எண்ணெய். பிஸ்டனில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக எண்ணெய் கஷ்டப்பட்டுப் போகும்போது அந்தத் துள்ளல் சூடாக மாறி வெளியேறுகிறது, இதுதான் டாம்பிங். உள்ளே அமுங்கும் பக்கத்தில் நடப்பது கொம்ப்ரெஷன், விரியும் பக்கத்தில் நடப்பது ரிபவுண்ட். உங்கள் பைக்கில் இவை இரண்டையும் வெளியிலிருந்து மாற்ற முடியாது, தொழிற்சாலை வைத்தது வைத்ததுதான். ஆனால் இருக்கிறதா செத்துவிட்டதா என்று பார்க்கலாம். சீற்றின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பலமாக அமுக்கி டக்கென்று விடுங்கள். ஏறி வந்து ஒரே தடவையில் நிற்க வேண்டும். ஏறி, தாண்டிப் போய், திரும்ப இறங்கி, இன்னொரு முறை ஆடினால் ஷொக்கின் உயிர் போய்விட்டது. தண்டைச் சுற்றி எண்ணெய்யும் தூசியும் கலந்த கறுப்புக் களி பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

என் கணிப்பைக் கேட்டால், உங்களுடையது அப்படித்தான் இருக்கும். கடைசிப் படிக்கு இறுக்கிய பிறகும் இருவர் ஏறினால் அடியில் தட்டுகிறது என்பதுதான் காரணம். வேகத்தடையில் சில்லு மேலே அடித்துக்கொண்டு வரும்போது ஸ்பிரிங்கோடு சேர்ந்து எண்ணெய்யும் எதிர்க்க வேண்டும், எண்ணெய் எதிர்க்காவிட்டால் ஸ்பிரிங் மட்டும் தனியாகப் போராடிக் கடைசிவரை போய்விடும். வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025இல்தான் திரும்பத் தொடங்கியது, ஆகவே இப்போது கைமாறுகிற பைக்குகளில் பெரும்பாலானவை வயது போனவை, அந்த ஷொக்கும் அதே வயதுதான். மீற்றர் காட்டும் எண்ணை நம்பி ஷொக் புதிது என்று நினைக்க வேண்டாம்.

செத்த ஷொக்கைத் திறந்து எண்ணெய் மாற்றித் தருகிறோம் என்பார்கள். திறந்து பழுதுபார்க்கவென்றே செய்த விலை கூடிய ஷொக்குகள் இருக்கின்றன, சாதாரணப் பைக்கில் வருவது அந்த வகை இல்லை. காஸ் ஷொக் என்றால் உள்ளே நைட்ரஜன் பெரிய அழுத்தத்தில் இருக்கும், வெட்டுவதும் வெல்டிங் பிடிப்பதும் ஆளைக் காயப்படுத்தும் வேலை. புதிது வாங்குவதுதான் வழி. பஞ்சிகாவத்தைக்குப் போனால் கம்பனிப் பொருளும் கிடைக்கும், அதே மாதிரிப் பெட்டியில் போலியும் கிடைக்கும், பழைய ஷொக்கைக் கையில் கொண்டு போங்கள். இரண்டு கண்களின் நடுவுக்கு நடுவு நீளம் ஒன்றாக இருக்க வேண்டும், புஷ்ஷின் உள்விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். 'இது பெரிசு, கொஞ்சம் நீளம், ஆனா பொருந்தும்' என்று சொல்வதை வாங்க வேண்டாம். மொனோஷொக்கில் 10 மில்லிமீற்றர் நீளம் கூடினால் சில்லில் அது இரண்டு மடங்குக்கும் மேலே போகலாம், பின்பக்கம் எழும்பி ஹாண்டிலின் குணமே மாறும்.

இடையில் ஒரு சின்னக் கதை, உங்கள் பைக்கின் விளம்பரத்தில் மொனோகுரோஸ் என்று போடுகிறார்களே, அந்தப் பெயர் 1970களின் மோட்டோகுரோஸ் பைக்குகளிலிருந்து வந்தது. லூசியன் டில்கன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியியலாளர் ஒற்றை ஷொக் அமைப்பொன்றைச் செய்து காட்ட, யமஹா அதை வாங்கித் தன் போட்டிப் பைக்குகளில் போட்டது. சேற்றிலும் மேட்டிலும் பாய்வதற்காகப் பிறந்த யோசனை இப்போது காலி வீதி நெரிசலில் ஊர்கிறது.

முன்பக்கத்துக்கு வருவோம். உங்கள் போர்க்கில் (முன்சில்லைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயில்) வெளியிலிருந்து மாற்ற எந்தத் திருகியும் இல்லை, ஆனாலும் செய்ய வேலை இருக்கிறது. இறக்கத்தை அளப்பது பின்னாலிருப்பதைவிட எளிது: போர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் கட்டுநாடாவைச் சுற்றி சீலோடு ஒட்டித் தள்ளி வைத்தால், அது எவ்வளவு தள்ளப்பட்டது என்பதே அளவு. அந்த நாடாவை அப்படியே விட்டுவிட்டு ஒரு நாள் வழக்கம்போல ஓடிப் பாருங்கள், நீங்கள் பிரேக் பிடித்த பிடியில் போர்க் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மாலையில் தெரியும். எப்போதும் அடிவரைக்கும் போய்விடுகிறது என்றால் முதல் சந்தேகம் எண்ணெய் மேல்தான். போர்க் எண்ணெய்யை மாற்ற வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது, எஞ்சின் எண்ணெய்யை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூட போர்க்கை வாங்கிய நாளிலிருந்து தொட்டிருக்க மாட்டார்கள். வடித்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மீன் கழுவிய தண்ணீர் மாதிரி நாற்றத்தோடு வரும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது 20,000 கிலோமீற்றர் அளவில், மாற்றினால் நல்லது.

கராஜில் மாற்றக் கொடுத்தால் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஊற்றுவது போர்க் எண்ணெய்யா, அல்லது போத்தலில் மிஞ்சிய எஞ்சின் எண்ணெய்யா. பைக்கின் கைநூல் என்ன தடிப்பைச் சொல்கிறதோ அதுதான் வேண்டும். ஒரு கம்பனியின் 10 என்பதும் இன்னொரு கம்பனியின் 10 என்பதும் ஒரே தடிப்பு என்று நம்பவும் முடியாது, ஆகவே ஒரு வகை பிடித்துப்போனால் அதிலேயே நில்லுங்கள். மற்றது, இரண்டு காலிலும் எண்ணெய் ஒரே அளவா. சரியான முறை என்றால் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, போர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் வாயிலிருந்து எண்ணெய் மட்டம் எவ்வளவு கீழே என்று அளப்பது. இந்த மட்டம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய ஆயுதம். மேலே மிஞ்சியிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான் வேலை செய்கிறது, மட்டத்தை 5, 10 மில்லிமீற்றர் உயர்த்தினால் காற்றுக்கு இடம் குறைந்து, போர்க் கடைசிப் பகுதியில் மட்டும் கடினமாகும், தொடக்கத்தில் மென்மை அப்படியே இருக்கும். பிரேக்கில் அடிவரைக்கும் போகும் போர்க்குக்கு கெட்டி எண்ணெய் ஊற்றுவதைவிட இது எவ்வளவோ நல்லது என்பேன். கெட்டி எண்ணெய் விரியும் பக்கத்தையும் மந்தமாக்கிவிடும், அடுத்தடுத்துக் குழி வந்தால் போர்க் விரிய நேரமில்லாமல் கீழேயே நின்றுவிடும், பிறகு ஒவ்வொரு குழியும் கைக்கு வரும்.

சீலில் எண்ணெய் கசிந்தால் தள்ளிப்போடாதீர்கள், அது வழிந்து முன் பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக் இல்லை. கசிவு புதிதென்றால் சில சமயம் சீலின் உதட்டில் மணல் சிக்கியிருக்கும், பழைய எக்ஸ்ரே படலத்தில் ஒரு மெல்லிய துண்டை வெட்டி உள்ளே விட்டுச் சுற்றி எடுத்தால் நின்றுவிடும். நிற்காவிட்டால் சீல் மாற்றத்தான் வேண்டும். ஹாண்டில் கழுத்தின் பெயாரிங்கையும் ஒரு தடவை பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டும்போது 'கடக்' என்றால் அது தளர்ந்திருக்கிறது, அந்தச் சத்தத்தைப் போர்க்கின் தலையில் கட்டாதீர்கள்.

இனி, திருகிகள் உள்ள பைக் வைத்திருப்பவர்களுக்கு. ஜப்பானிலிருந்து வந்த பழைய ட்ரெயில் பைக்குகள் சிலவற்றிலும் புதிய விலை கூடிய பைக்குகளிலும் ரிபவுண்டுக்கும் கொம்ப்ரெஷனுக்கும் தனித்தனித் திருகி இருக்கும். முதல் வேலை, இப்போது எங்கே இருக்கிறது என்று பதிவது: கடிகாரம் சுற்றும் பக்கமாக மெதுவாக, முட்டும் வரைக்கும் திருப்பிக்கொண்டே கிளிக்கை எண்ணுங்கள், முட்டியதும் நிறுத்துங்கள், பலம் கொடுத்தால் உள்ளே ஊசி கெட்டுப்போகும். எண்ணை எழுதிவிட்டுப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள். கைநூலில் கம்பனி சொன்ன எண் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். கற்றுக்கொள்ள நல்ல வழி இரண்டு எல்லையையும் தொட்டுப் பார்ப்பது. ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில், 30க்குள் மெதுவாக, ரிபவுண்டை முழுக்கத் திறந்து ஒரு தடவை, முழுக்க மூடி ஒரு தடவை ஓடுங்கள். திறந்தால் பைக் படகு மாதிரி ஆடும், மூடினால் ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குந்திக்கொண்டே போகும். இந்த இரண்டையும் உடம்பு ஒரு தடவை உணர்ந்துவிட்டால் பிறகு நடுவில் இரண்டு கிளிக் மாற்றினாலும் தெரியும், உணராமல் வாசித்து மட்டும் செய்தால் பத்து கிளிக் மாற்றினாலும் தெரியாது.

கொம்ப்ரெஷனில் சில பைக்குகளுக்கு வேகமானது, மெதுவானது என்று இரண்டு திருகி வரும். இது பைக்கின் வேகம் இல்லை, ஷொக்கின் தண்டு அசையும் வேகம். கடுகண்ணாவை இறக்கத்தில் 60இல் வந்து பிரேக் பிடிக்கும்போது போர்க் இறங்குவது மெதுவான அசைவு. நாரஹேன்பிட்டை ரயில் கடவையில் 20இல் ஊர்ந்து தண்டவாள விளிம்பில் ஏறுவது வேகமான அசைவு. ஆகவே பிரேக்கில் மூக்குக் குத்துகிறது என்றால் மெதுவானதைக் கூட்டுங்கள், கூரான விளிம்பில் அடி வாங்குகிறது என்றால் வேகமானதைக் குறையுங்கள். ஒரே திருகிதான் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் மெதுவான பக்கத்துக்குரியது.

மாற்றிப் பார்க்க எப்போதும் ஒரே ரோட்டை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வெள்ளவத்தை நல்ல இடம், குழாய்க்குத் தோண்டி மூடிய தழும்புகள் உள்ள ஒழுங்கை ஒன்று, ஒரு வேகத்தடை, பிறகு பிரேக் பிடித்துப் பார்க்க மரைன் டிரைவில் ஒரு நேர்த்துண்டு, எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். ஞாயிறு விடியப் போனால் பஸ் தொல்லையும் இல்லை. ஒரு சுற்றுக்கு ஒரு மாற்றம்தான், இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது. மாற்றியதை உடனே போனில் எழுதுங்கள், ரயர் காற்று, படி, கிளிக், என்ன உணர்ந்தீர்கள் என்று. 'நல்லா இருக்கு' என்று எழுதாதீர்கள், அடுத்த வாரம் அதற்கு ஒரு அர்த்தமும் இருக்காது. 'வேகத்தடையில் இறங்கும்போது பின்னால் உதைத்தது' என்று எழுதுங்கள்.

இன்னொன்று, பின் இறக்கத்தை மாற்றினால் செயினின் தொய்வும் மாறும். ஸ்விங் ஆர்மின் கோணம் மாறுவதால் வருவது இது. புதிய படியில் வைத்த பிறகு கைநூல் சொல்லும் நிலையில் செயினைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் ஏறும்போது செயின் விறைத்துக் கம்பியாக நின்றால் கியர் பெட்டியின் பெயாரிங்தான் அடி வாங்கும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது நான்கு எண்: பின்னால் வெறும் இறக்கம், தனி ஆளின் இறக்கம், இருவரின் இறக்கம், அமுக்கி விட்டதற்கும் தூக்கி விட்டதற்கும் உள்ள வித்தியாசம், எல்லாம் நடுப்படியில். கூடவே அந்த அமுக்கி விடும் சோதனையில் எத்தனை தடவை ஆடியது என்றும் எழுதிப் போடுங்கள். ஷொக் வாங்கக் காசு செலவழிக்க வேண்டுமா, வளையத்தோடு முடியுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.